உங்களுக்குத் தெரியுமா? டர்போ பெரிதானால் கார் வேகமாகுமா?

● மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த எக்கோஸ்போர்ட் 2013-ல் அறிமுகமானபோது, அதன் ஒரு மாடலில் ஒரே ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள எக்கோபூஸ்ட் பெட்ரோல் இன்ஜின் இருந்தது. மூன்று சிலிண்டர், 125 பிஎஸ் சக்தி. அதன் டர்போ (எக்ஸாஸ்ட் வாயு டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற, அதே ஷாஃப்ட்டில் உள்ள கம்ப்ரஸர் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை சுழலும் என்று ஃபோர்டு அறிவித்தது. விநாடிக்கு நாலாயிரம் சுற்றுக்கும் மேல்! அதே விநாடியில் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவது நூறு சுற்றை ஒட்டித்தான்.

● 50 மிமீ விட்டமுள்ள கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு 2 லட்சம் முறை சுற்றினால், அதன் விளிம்பு விநாடிக்கு 520 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. காற்றில் ஒலி ஓடுவதே விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். சுழல்வேகம் இரண்டு மடங்கானால் சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். அதனால் ஒவ்வொரு டர்போவுக்கும் தாண்டக் கூடாத சுழல்வேகம் ஒன்று உண்டு. சின்ன டர்போவை வைத்துக்கொண்டு பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், முதலில் மீறப்படுவது பெரும்பாலும் இந்த வரம்புதான்.

● டர்போ வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை பார் பூஸ்ட்?" என்பதல்ல, "நிமிடத்துக்கு எத்தனை கிலோ காற்று?" என்பதுதான். பெட்ரோல் இன்ஜினில் நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்றை எரித்தால் ஏறத்தாழ 22 குதிரைத்திறன் கிடைக்கும். டியூனிங் செய்பவர்கள் உலகம் முழுக்கக் கையாளும் தோராயக் கணக்கு இது.

இரண்டு லிட்டர் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுதாகக் காற்றை இழுக்கும். ஆக, 7,000 ஆர்பிஎம்மில் அது நிமிடத்துக்கு இழுப்பது 7,000 லிட்டர். வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் எடையில் 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டர்போ இல்லாமல் 170, 175 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளலாம். இதே இன்ஜினில் 300 வேண்டுமென்றால் காற்று 13.6 கிலோ ஆக வேண்டும். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலர் இருந்தால் சுமார் 0.9 பார் பூஸ்ட் போதும். 600 வேண்டுமென்றால்? 27 கிலோ. பூஸ்ட் 2.7 பாரைத் தாண்டிவிடும். அந்த 600-ஐ மூன்று லிட்டர் இன்ஜினில் எடுத்தால் 1.5 பாரிலேயே காரியம் முடிகிறது.

ஒரு நண்பரின் காரில் "ஒரு பார் பூஸ்ட்" என்பதைக் கேட்டு உங்கள் காரிலும் அதே சக்தியை எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இதுவே காரணம். பூஸ்ட் என்பது அழுத்தத்தின் அளவு மட்டுமே. சக்தியாக மாறுவது காற்றின் எடை.

● காற்றை அமுக்கினால் அது சூடாகும். 30 டிகிரி செல்சியஸில் உள்ளே வரும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், 72 சதவீதத் திறனுள்ள நல்ல கம்ப்ரஸரிலும் அது 120 டிகிரியைத் தாண்டி வெளியேறும். சூடான காற்று விரிந்திருக்கும் அல்லவா? அழுத்தம் இரண்டு மடங்கானாலும் அடர்த்தி ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கும். அதையே இன்டர்கூலரில் 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.87 மடங்கு. சக்தியில் இவ்வளவு பெரிய பங்கு பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த அலுமினியப் பெட்டிக்கு உண்டு. பெரிய டர்போவுக்குச் செலவழிப்பதற்கு முன் பெரிய இன்டர்கூலருக்குச் செலவழிப்பது எப்போதும் நல்ல வரிசை என்பது என் உறுதியான கருத்து.

● டர்போ தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் 'கம்ப்ரஸர் மேப்' என்று ஒரு வரைபடம் வெளியிடுகிறார்கள். படுக்கை அச்சில் காற்றின் அளவு. நிமிர் அச்சில் அழுத்த விகிதம். நடுவில் வட்டம் வட்டமாக, தீவுக்குள் தீவாகக் கோடுகள். நடுத்தீவில் கம்ப்ரஸரின் திறன் 75 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வெளியே போகப் போகக் குறையும்.

இந்தப் படத்துக்கு இடப்புறம் ஒரு எல்லை, வலப்புறம் ஒரு எல்லை. இடது எல்லையின் பெயர் 'சர்ஜ்': அழுத்தம் அதிகம், காற்றோட்டம் குறைவு. அங்கே காற்று சக்கரத்தின் இலைகளை விட்டு விலகிப் பின்னோக்கிப் புரளும். வலது எல்லை 'சோக்': சக்கரத்தின் வாய்க்குள் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டது, இனி எவ்வளவு சுழற்றினாலும் கூடுதல் காற்று வராது. இன்ஜின் 2,000 ஆர்பிஎம் முதல் 7,000 வரை போகும் பாதை முழுவதும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, முடிந்தவரை நடுத்தீவை ஒட்டி அமைய வேண்டும். டர்போ அளவு தேர்வு என்பதில் பாதி வேலை இந்தப் பாதையை அந்தப் படத்தில் பொருத்துவதுதான்.

● ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சில கார்களில் 'ஸ்டுட்டுட்டு' என்று ஒரு படபடப்பு கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ரசிகர்கள் ஏராளம். மேலே சொன்ன சர்ஜ்தான் அது. த்ராட்டில் மூடிவிட்டது, அமுக்கிய காற்றுக்குப் போக வழியில்லை, திரும்பிக் கம்ப்ரஸர் சக்கரத்தின் மீதே மோதுகிறது. அந்தக் காற்றை வெளியேற்றவோ, திரும்ப உள்வழிக்கு அனுப்பவோதான் புளோ-ஆஃப் வால்வ் இருக்கிறது. முழு பூஸ்ட்டில் அடிக்கடி இப்படி நடந்தால் பேரிங்குகள் தேயும்.

● டர்பைன் பக்கம் 'ஏ/ஆர்' என்றொரு எண் சொல்வார்கள். எக்ஸாஸ்ட் வாயு வரும் நத்தை ஓட்டு வழியின் குறுக்குப் பரப்பை, அது மையத்திலிருந்து இருக்கும் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. தோட்டக் குழாயின் முனையை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறிப் பாய்வது போல, ஏ/ஆர் சிறிதானால் வாயு சீறி வந்து டர்பைனைச் சீக்கிரம் சுழற்றும். கீழ் ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் கிடைக்கும். ஆனால் மேல் ஆர்பிஎம்மில் அதே ஒடுக்கம் அடைப்பாகிவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அழுத்தம் பூஸ்ட்டைவிட ஏறிப்போய், எரிந்த வாயு சிலிண்டருக்குள்ளேயே தங்கும். அந்தச் சூட்டில் நாக்கிங் வரும், அதாவது கலவை முறைதவறித் தானாக வெடிக்கும். ஒரே டர்போவில் ஏ/ஆர் வேறுபட்ட ஹவுஸிங்கை மாற்றிப் பொருத்தியே காரின் குணத்தை மாற்றிவிட முடியும்.

● 1987-ல் ஃபோர்டு சியரா ஆர்எஸ்500 காஸ்வொர்த் 500 கார்கள் மட்டும் தயாரிக்கப்பட்டன. குரூப் ஏ பந்தய விதிப்படி, சாலைக்கு விற்ற காரில் இருக்கும் டர்போவைத்தான் பந்தயக் காரிலும் பயன்படுத்த வேண்டும். ஆகவே ஃபோர்டு சாலைக் காரிலேயே பந்தயத்துக்கான பெரிய காரெட் டர்போவைப் பொருத்தியது. பிளாக்கின் சுவர்களைத் தடிமனாக்கியது. இன்டர்கூலரைப் பெரிதாக்கியது. சாலையில் ஒருபோதும் வேலை செய்யாத இரண்டாவது இன்ஜெக்டர் வரிசை ஒன்றையும் சேர்த்தது.

பலன் என்ன? சாதாரண சியரா காஸ்வொர்த் 204 குதிரைத்திறன். ஆர்எஸ்500 சாலைக் கார் 224. இருபது கூடுதல், அவ்வளவே. பெரிய டர்போ விழித்துக்கொள்ளத் தாமதமானதால் சாதாரண ஓட்டத்தில் பழைய காரைவிட மந்தமாகவே இருந்தது. அதே அமைப்பு பந்தயத் தளத்தில் பூஸ்ட் ஏற்றப்பட்டபோது 500 குதிரைத்திறனைத் தாண்டி, ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் டூரிங் கார் பந்தயங்களை அள்ளியது. டர்போவின் அளவு எந்த வேலைக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

● அதற்கு முன்பே இரண்டு ஐரோப்பிய நிறுவனங்கள் இரு வேறு வழிகளில் போய்ப் பார்த்துவிட்டன. 1975-ல் போர்ஷே 911 டர்போ: மூன்று லிட்டர், 260 பிஎஸ். 3,500 ஆர்பிஎம்மை நெருங்கும் வரை அமைதி. பிறகு சக்தி மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து சேரும். வளைவின் நடுவில் அது வந்தால், பின்புறம் இன்ஜினைச் சுமக்கும் கார் பின்பக்கமாகவே சுழன்றுவிடும். 'விதவையாக்கும் கார்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

சுவீடனின் சாப் நிறுவனம் 99 டர்போவைக் கொண்டுவந்தபோது எதிர்த்திசையில் யோசித்தது. உச்ச சக்தியைத் துரத்தாமல், சிறிய டர்போவைப் பொருத்தி, மிஞ்சிய எக்ஸாஸ்ட் வாயுவை வேஸ்ட்கேட் வழியாக வெளியே விட்டது. இரண்டு லிட்டரில் 145 குதிரைத்திறன்தான். ஆனால் நெடுஞ்சாலையில் முந்திச் செல்லத் தேவையான நடு ஆர்பிஎம்மில் அழுத்தியவுடன் இழுக்கும். இன்று நம் சாலைகளில் ஓடும் சின்ன டர்போ பெட்ரோல் கார்கள் எல்லாமே சாப் காட்டிய வழியில் வந்தவை. தினமும் ஓட்டும் காருக்கு அதுவே சரியான வழி.

● டர்போ கார்களில் காத்திருப்பு இரண்டு வகை. இன்ஜின் மிகக் குறைந்த ஆர்பிஎம்மில் இருந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் டர்பைனைச் சுழற்றப் போதிய வாயு கிடைக்காது; பூஸ்ட் வராது. இதற்கு மருந்து கியரைக் குறைப்பது. போதிய ஆர்பிஎம் இருந்தும், அழுத்திய பிறகு சக்கரம் வேகமெடுக்கப் பிடிக்கும் அரை விநாடி, ஒரு விநாடி இன்னொரு வகை. இதுதான் உண்மையான 'லேக்'. சக்கரத்தின் எடையையும் விட்டத்தையும் குறைத்தால் இது குறையும்.

● சக்கரத்தின் எடையைக் குறைக்க நிசான் பீங்கானைப் பிடித்தது. 1989-ல் வந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32-ன் 2.6 லிட்டர் ஆர்பி26 இன்ஜினில் இரண்டு டர்போக்கள். இரண்டிலும் செராமிக் டர்பைன் சக்கரம். உலோகத்தைவிட மிக இலகு என்பதால் உடனே சுழன்றது. டியூனர்கள் பூஸ்ட்டை ஒரு பாருக்கு மேல் ஏற்றியபோது அந்தச் சக்கரங்கள் ஷாஃப்ட்டிலிருந்து விடுபட்டும் உடைந்தும் போயின. பந்தயத்துக்காக வந்த நிஸ்மோ வகையில் நிசானே உலோகச் சக்கரத்துக்குத் திரும்பியது.

● அந்தக் காலத்துச் சக்திமிக்க ஜப்பானிய கார்களின் அட்டவணையைப் பார்த்தால் எல்லாவற்றிலும் 280 பிஎஸ் என்றே இருக்கும். 1989-ன் நிசான் 300இசட்எக்ஸ் தொட்ட அளவு அது. அதற்கு மேல் போவதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டன. பல கார்கள் உண்மையில் அதைவிடக் கூடுதலாகத் தந்தன. 2004-ல் ஹோண்டா லெஜண்ட் 300 பிஎஸ் என்று வெளிப்படையாக அறிவித்தபோதுதான் அந்தக் கோடு அழிந்தது. ஆக, காகிதத்தில் இருந்த வரம்பு சட்டத்தாலும் வந்ததல்ல, உலோகத்தாலும் வந்ததல்ல.

● இன்ஜினுக்குள் போகும் காற்றின் வழியை 34 மிமீ துளையாகச் சுருக்கினால் என்ன ஆகும்? உலக ராலி பந்தயத்தில் 1995-ல் இதுதான் விதி. அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியதும் ஓட்டம் உச்சத்தில் நின்றுவிடும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 13 கிலோ. அதை 22-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 290 குதிரைத்திறன் வருகிறது. ராலி கார்கள் 300-ஐ ஒட்டியே நின்றதற்கு இதுவே காரணம். எவ்வளவு பெரிய டர்போ பொருத்தினாலும் பயனில்லை.

அந்த ஆண்டு டொயோட்டா அணியின் செலிகா ஜிடி-ஃபோர் கார்களில் ஒரு தந்திரம் பிடிபட்டது. குழாயை இறுக்கிப் பொருத்தும்போது அந்த 34 மிமீ துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் சில மில்லிமீட்டர் விலகி, அதைச் சுற்றிக் கூடுதல் காற்று நுழைய இடைவெளி உண்டாகும். சோதனைக்காகக் குழாயைக் கழற்றினால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி அதன் நுணுக்கத்தை வியந்தார். ஆனாலும் அணியின் புள்ளிகள் பறிபோயின, அடுத்த ஆண்டும் களமிறங்கத் தடை. நுணுக்கம் எத்தனை அழகாக இருந்தாலும் அது ஏமாற்றுதான், தண்டனை நியாயமானது.

● சாலைக் காரின் டர்போவிலும் இதே 'தொண்டை' உண்டு. கம்ப்ரஸர் சக்கரத்தின் முன்வாய் விட்டம்தான் அது. காரெட் நிறுவனத்தின் ஜி25-660 என்ற பெயரில் 660 என்பது அந்த டர்போ தாங்கக்கூடிய உச்ச குதிரைத்திறன். வாங்கிப் பொருத்தினால் 660 கிடைக்கும் என்ற வாக்குறுதி அல்ல அது. பொருத்தமான இன்ஜினும் எரிபொருளும் இருந்தால் எட்டக்கூடிய கடைசிப் புள்ளி. 350 போதும் என்பவர் அதைப் பொருத்தினால், கடைசி வரை பயன்படாத காற்றுக்காகத் தினமும் லேக் அனுபவிப்பார்.

● டொயோட்டா சூப்ராவின் 2ஜேஇசட் இன்ஜின் ஏன் இவ்வளவு புகழ் பெற்றது? வார்ப்பிரும்பு பிளாக், வரிசையாக ஆறு சிலிண்டர், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க ஏழு பேரிங். நிறுவனம் கொடுத்ததோ முதலில் ஒன்று, பிறகு இரண்டு என்று வேலை செய்யும் இரட்டை டர்போ. டியூனர்கள் அந்த இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போவைப் போட்டார்கள். இன்ஜினின் அடிப்பாகத்தைத் திறக்காமலேயே 600 குதிரைத்திறனைத் தாண்டியவர்கள் பலர். சக்தி வரம்பு என்பது டர்போவின் வரம்பு மட்டுமல்ல. பிளாக், பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஹெட் கேஸ்கெட், இன்ஜெக்டர், கிளட்ச் இவற்றில் எது முதலில் தோற்கிறதோ அதுவே அந்தக் காரின் வரம்பு. சுபாரு எஸ்டிஐ-யின் 2.5 லிட்டர் இன்ஜினில் அது பிஸ்டன் வளையங்களுக்கு இடையே உள்ள மெல்லிய விளிம்பு. நாக்கிங் வந்தால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

● சின்ன டர்போவும் இன்ஜினை உடைக்கும்! பலர் யோசிக்காத விஷயம். குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென்று மிகுந்த டார்க் கிடைக்கும்படி பூஸ்ட்டை ஏற்றினால், சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் நீண்ட நேரம் பிஸ்டன் மீது நிற்கும். கனெக்டிங் ராடு வளைவது பெரும்பாலும் இந்த 2,500 முதல் 3,500 ஆர்பிஎம் பகுதியில்தான். உச்ச குதிரைத்திறன் ஒன்றாகவே இருந்தாலும், பூஸ்ட்டைச் சற்றுத் தாமதமாக ஏற்றும் டியூன் இன்ஜினுக்கு நீண்ட ஆயுள் தரும். டியூனரிடம் குதிரைத்திறனை மட்டும் கேட்காதீர்கள். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் என்ற வரைபடத்தைக் கேளுங்கள்.

● இன்ஜின் ஆயிலும் இதில் கட்சி. நேரடி இன்ஜெக்ஷன் டர்போ இன்ஜின்களில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே, குறைந்த ஆர்பிஎம்மில் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆயிலில் உள்ள கால்சியம் சார்ந்த சுத்திகரிப்புப் பொருள் இதைத் தூண்டுகிறது என்று தெரியவந்ததும் ஆயில் தரமே மாறியது. 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் ஏபிஐ எஸ்பி. உங்கள் சின்ன டர்போ காருக்கு ஆயில் வாங்கும்போது டப்பாவில் 'எஸ்பி' இருக்கிறதா என்று பாருங்கள்.

● நாக்கிங்தான் பெட்ரோல் டர்போவின் உண்மையான வேலி. இந்தியாவில் சாதாரண பெட்ரோல் நெடுங்காலம் 91 ஆக்டேன், உயர்வகை 95, இந்தியன் ஆயில் 2020-ல் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய 98 ஆக்டேனுக்கு எழுதப்பட்ட டியூனை 91 ஆக்டேனில் ஓட்டினால், நாக் சென்ஸர் ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும். சக்தி குறையும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். ஆனால் 85 சதவீத எத்தனால் கலந்த எரிபொருளுக்கு அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகத் தேவை. பழைய இன்ஜெக்டரும் பம்பும் அங்கே கைவிரித்துவிடும்.

● நாக்கிங்கை அடக்க 1962-லேயே அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் ஒரு வழி கண்டது. 3.5 லிட்டர் வி8 இன்ஜின், 215 குதிரைத்திறன், தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனித் தொட்டி. உரிமையாளர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். தொல்லை தாங்காமல் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் பொருத்திக் கொடுத்தார்கள்.

● பந்தயத்தில் வேலியே இல்லாமல் விட்டால்? 1986-ல் பிஎம்டபிள்யூ எம்12 ஃபார்முலா 1 இன்ஜின் வெறும் 1.5 லிட்டரில், தகுதிச்சுற்றில் 1,300 குதிரைத்திறனை ஒட்டித் தந்தது. சாதாரண சாலைக் காரின் எம்10 பிளாக்கை அடிப்படையாகக் கொண்ட இன்ஜின் அது! ஆயுள் சில சுற்றுகள் மட்டுமே. 1987-ல் இன்ஜினுக்குள் போகும் காற்றின் மொத்த அழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்த்து) 4 பாருக்கும், 1988-ல் 2.5 பாருக்கும் கட்டுப்படுத்தப்பட்டது. 1989-ல் டர்போவே தடை. அந்த 2.5 பார் ஆண்டிலும் மெக்லாரன்-ஹோண்டா 16-ல் 15 பந்தயங்களை வென்றது.

● டர்போவுக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஷி. 1918-ல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான இன்ஜினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் உச்சியில் 230 ஆகச் சோர்ந்தது, டர்போவோடு 356. ஆனால் மலை உச்சியில் டர்போ படும் பாடு அதிகம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் அறுபது சதவீதம். கீழே இரண்டு மடங்கு அமுக்கினால் கிடைக்கும் அதே அழுத்தத்துக்கு மேலே 3.3 மடங்கு அமுக்க வேண்டும். விளிம்பு வேகம் எகிறும். கடல்மட்டத்தில் வரம்பைத் தொட்டபடி டியூன் செய்த சின்ன டர்போ மலைப் பாதையில் வரம்பை மீறிச் சுழல்வது இப்படித்தான்.

● எக்ஸாஸ்ட் குழாய்களைச் சேர்ப்பதிலும் சூட்சுமம் உண்டு. நாலு சிலிண்டர் இன்ஜினில் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிப்பு நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வழியில் விட்டால் ஒரு சிலிண்டரின் வீச்சு அடுத்ததன் வீச்சோடு மோதும். 1-ஐயும் 4-ஐயும் ஒரு பாதையிலும், 2-ஐயும் 3-ஐயும் இன்னொரு பாதையிலும் விட்டால் மோதல் இல்லை. 'ட்வின் ஸ்க்ரோல்' என்பது இதுதான். சக்கர அளவைத் தொடாமலேயே பூஸ்ட் சில நூறு ஆர்பிஎம் முன்னால் வந்துவிடும்.

● டர்பைனைச் சுற்றி அசையும் தகடுகளை வைத்து, ஏ/ஆர் அளவை ஓட்டத்திலேயே மாற்றும் முறை டீசல் கார்களில் சாதாரணம். பெட்ரோல் காரில் அரிது. ஏனென்றால் பெட்ரோல் எக்ஸாஸ்ட் 1,000 டிகிரியை எட்டும். 1989-லேயே ஷெல்பி சிஎஸ்எக்ஸ் இதை முயன்றது. 2006-ல் போர்க்வார்னருடன் சேர்ந்து போர்ஷே 911 டர்போ அதை நிலைநிறுத்தியது: 480 பிஎஸ். முப்பது ஆண்டுக்கு முந்தைய 911 டர்போவின் அந்த நீண்ட அமைதி இதில் இல்லை.

● எட்டு லிட்டர் புகாட்டி ஷிரோனில் நாலு டர்போ. ஆனால் சுமார் 3,800 ஆர்பிஎம் வரை வேலை செய்வது இரண்டுதான். பெரிய டர்போ வைத்தால் லேக் வரும் என்ற பிரச்னை 1,500 குதிரைத்திறன் காருக்கும் உண்டு.

● நம் ஊரில் டர்போ மாற்றுவதற்கு முன் இன்னொரு வரம்பையும் பார்க்க வேண்டும்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வலியுறுத்தியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கையிலும் இது சிக்கலாகும். ஆசையைப் பந்தயத் தளத்துக்கான தனிக் காரில் தீர்த்துக்கொள்வதே நல்லது. தளத்தில் எதிரே லாரி வராது.

● மெர்சிடிஸ்-ஏஎம்ஜி 2019-ல் ஏ45 எஸ் காரில் இரண்டு லிட்டரிலிருந்து 421 பிஎஸ் எடுத்தது. உத்தரவாதத்தோடு, தினமும் ஓட்டும்படி! அதே இன்ஜின் குடும்பத்தை 2022-ல் எஸ்எல்43 காரில் வைத்தபோது, டர்பைனுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே ஷாஃப்ட்டிலேயே ஒரு மின்மோட்டாரைப் பொருத்தினார்கள். எக்ஸாஸ்ட் வாயு வரும்வரை காத்திருக்காமல் 48 வோல்ட் மின்சாரம் சக்கரத்தைச் சுழற்றிவிடும். ஃபார்முலா 1-ல் 2014 முதல் இருந்த தொழில்நுட்பம் அது. விலையும் சிக்கலும் அதிகம் என்று 2026 விதிகளில் ஃபார்முலா 1 அந்த மோட்டாரை நீக்கிவிட்டது. சாலைக் கார்களில் அது தொடர்கிறது.